ஒரு செம்பு, ஒரு எலுமிச்சை, ஒரு ஜன்னல்: கண்ணால் பார்த்து வரையப் பழகுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வரைய வந்து உட்காருவார்கள். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் நான் எதிரில் வைப்பது ஒரு பித்தளைச் செம்புதான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், செம்பின் வாயை அழகாக வளைத்துவிட்டு, அடியை மட்டும் ஸ்கேல் வைத்தாற்போல நேர்கோடாக இழுத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "செம்பு பெஞ்சு மேல ஆடாம நிக்குதுல்ல அத்தை? அப்போ அடி நேராத்தானே இருக்கணும்?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். செம்பின் அடி தட்டையானது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது வளைந்துதான் தெரிந்தது. கண் பார்த்ததை விட்டுவிட்டு, மனசுக்குத் தெரிந்ததைக் கை வரைந்துவிட்டது. எந்த வயதில் வரையத் தொடங்கினாலும் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்கான வேலைதான்.

கோடு, வடிவம், கனம் (பொருளின் பருமன்), ஒளி-நிழல், வெளி (பொருட்களைச் சுற்றியும் நடுவிலும் உள்ள இடம்), மேற்பரப்பு, நிறம் என்று காட்சிக் கலையின் அடிப்படைக் கூறுகளை ஏழாகச் சொல்வார்கள். மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு உதவும். வரையும்போது உதவ வேண்டுமானால் ஒவ்வொன்றையும் எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இது எவ்வளவு அகலம்? எங்கே இருட்டு? இதற்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடம்? எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதும் முக்கியம். வடிவத்துக்கு முன்னால் நுணுக்கத்துக்குப் போனாலோ, ஒளி-நிழலுக்கு முன்னால் நிறத்துக்குப் போனாலோ படம் கட்டாயம் ஆட்டம் காணும்.

தொடங்கும் முன் ஒன்று. உருவ ஓவியம், அதாவது இன்ன பொருள் என்று பார்த்ததும் அடையாளம் தெரிகிற ஓவியம், போட்டோ மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகையின் மேற்கூரையில் தாமரைக் குளம் இருக்கிறது. யானை, மீன், பறவை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லோரும் அதில் உண்டு. ஜன்னலிலிருந்து விழுகிற ஒரே வெளிச்சம், தரையில் விழும் நிழல் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. கோட்டின் வளைவும் நிறமும் மட்டுமே அந்தத் தாமரையைத் தாமரையாக்குகின்றன. அதுவும் உருவ ஓவியம்தான். இங்கே நான் சொல்லப்போவது இன்னொரு வழி: ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரிவதை வரைவது. இது கைக்கு வந்துவிட்டால் மற்ற வழிகளையும் கூர்ந்து பார்க்க முடியும்.

வேண்டிய பொருட்கள்

எச்பி, 2பி, 4பி, 6பி என நான்கு பென்சில், கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாள், பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர், படம் மாட்ட ஒரு பலகை, இரண்டு கிளிப். இவை போதும். பென்சிலுக்குள் இருப்பது கிராபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. அந்தக் கலவை முறைக்கு பிரான்சின் நிக்கோலா-ழாக் கோன்டே 1795-இல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகி மங்கலாக எழுதும். குறைந்தால் மெத்தென்று கறுப்பாகும். எச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் 6பி-யின் கறுப்பு வராது, தாள்தான் பள்ளமாகும். அதனால் இருட்டு வேண்டிய இடத்தில் அழுத்தாதீர்கள், பென்சிலை மாற்றுங்கள். ஷார்ப்னரைவிடக் கத்தியால் நீளமாகச் சீவுவது நல்லது. முனையைச் சாய்த்துப் பிடித்து ஷேடிங் செய்ய அந்த நீளம் வேண்டும்.

பொருளை வைப்பதும் நீங்கள் உட்காருவதும்

ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சு போடுங்கள். அதன் மேல் வெள்ளை வேட்டியையோ துண்டையோ விரித்து, செம்பை வைத்து, அதன் வலப்பக்கம் சற்று முன்னால் ஒரு மஞ்சள் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் நிழல் இரண்டாகப் பிரிந்து ஒன்றை ஒன்று கெடுக்கும். பழகுகிற வரை ஒரே வெளிச்சம் போதும்.

வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் வராது, ஆண்டு முழுவதும் வெளிச்சம் நிலையாக இருக்கும் என்று ஐரோப்பிய ஓவியர்கள் சொல்லிவைத்தார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை சூரியன் நமக்கு வடக்கே ஒதுங்கிப் போவதால் அந்த ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் செம்புக்கும் நடுவில் ஐந்தாறு அடி இருக்கட்டும். தலை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நாற்காலி கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் குறியிட்டு வையுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அதே இடத்தில் உட்காரலாம். இதை அலட்சியமாக விட்டு அரை மணி நேர வேலையை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டகம்: வெளியைப் பார்ப்பது

பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, நடுவில் செவ்வகமாக வெட்டி ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பாருங்கள். அட்டையை அருகே கொண்டுவந்தால் காட்சி விரியும், தள்ளிப் பிடித்தால் சுருங்கும். செம்பு நடுமையத்தில் நின்றால் படம் விறைப்பாக இருக்கும். சற்று இடப்பக்கம் தள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, எலுமிச்சையின் விளிம்பு செம்பின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் எது முன்னால், எது பின்னால் என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போய், இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். ஒன்று, எலுமிச்சை செம்பைக் கொஞ்சம் மறைக்கட்டும். இல்லாவிட்டால் தெளிவாக விலகி நிற்கட்டும். மறைத்தால் ஆழம் உடனே வந்துவிடும். தாள் என்னவோ தட்டைதான். ஆனாலும் "இது அதற்கு முன்னால்" என்று கண் தானாகவே படித்துக்கொள்ளும்.

இரண்டாவது, பொருட்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடம். அதற்கும் ஒரு வடிவம் உண்டு. செம்பின் கழுத்துக்கு இரு பக்கமும் உள்ளே குழிந்த இடத்தைப் பாருங்கள். செம்பு எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் ஒரு முன்முடிவு இருக்கிறது. அந்தக் குழிவு எப்படி இருக்கும் என்று யாருக்கும் இல்லை. அதனால் அதை வரையும்போது கண் ஏமாற்றாது. செம்பு சரியாக வரவில்லை என்றால் செம்பை விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தை வரையுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அளவு எடுப்பது

கையை முழங்கை மடங்காமல் நேராக நீட்டுங்கள். பென்சிலைப் படுக்கை வசமாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, செம்பின் வயிற்று அகலத்தைப் பென்சில் முனையிலிருந்து கட்டைவிரல் நகம் வரை அளந்துகொள்ளுங்கள். விரலை நகர்த்தாமல் பென்சிலைச் செங்குத்தாகத் திருப்பி, செம்பின் உயரத்தில் அந்த அகலம் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். என் செம்பில் அது ஒன்றேகால். உங்களுடையதில் ஒன்றாக இருக்கலாம், ஒன்றரையாகவும் இருக்கலாம். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். அது ஒன்றுதான் இதில் விதி.

தாளில் செங்குத்தாக ஒரு மெல்லிய மையக்கோடு போடுங்கள். அதில் உயரத்தைக் குறியுங்கள். பிறகு வாய், கழுத்து, வயிறு, அடி. பாத்திரத்துக்கு உடம்பின் பெயர்களையே வைத்திருப்பது வரைபவர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். கழுத்து எந்த உயரத்தில், வயிறு எந்த உயரத்தில் அதிகமாக உப்புகிறது என்று குறித்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் மையக்கோட்டுக்கு இருபுறமும் சமமாகப் பிரியுங்கள். எலுமிச்சை எங்கே முடிகிறது என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். பென்சிலைத் தூக்குக்குண்டு மாதிரி தொங்கப் பிடித்துப் பார்த்தால், பழத்தின் இடது விளிம்பு செம்பின் வாய்க்கு நேர் கீழே வருகிறதா, தள்ளி வருகிறதா என்பது தெரியும்.

இந்தக் கட்டத்தில் தாளில் இருப்பவை நாலைந்து குறிகளும் சில கோணல் கோடுகளும்தான். அழகாக இல்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். இதற்கு இருபது நிமிடம் கொடுங்கள். பின்னால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

செம்பின் வாயும் அடியும்

இப்போது அந்தப் பெண்ணின் நேர்கோட்டுக்கு வருவோம்.

ஒரு தட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். வட்டம் காணாமல் போய் ஒரு கோடு மட்டும் தெரியும். அதைச் சாய்க்காமல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். கோடு பிளந்து ஒல்லியான நீள்வட்டமாகும். இன்னும் இறக்க இறக்க நீள்வட்டம் அகன்று வட்டத்தை நெருங்கும். கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு அகலமாகத் திறக்கும். செம்பில் நடப்பதும் இதுதான். வாய் கண்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் ஒல்லியாகத் திறந்திருக்கும். அடி அதைவிடக் கீழே இருப்பதால் அதன் வளைவு இன்னும் அதிகம். வாயைவிட அடிதான் நன்றாக வளைய வேண்டும்! அந்தப் பெண்ணிடம் தட்டைக் கொடுத்து இதைச் செய்யச் சொன்னேன். இரண்டாம் முறை இறக்கும்போது அவளே "ஓ" என்றாள். அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடியை வரையும்போது பின்பக்கத்தையும் சேர்த்து, செம்பு கண்ணாடியால் ஆனதுபோல, முழு நீள்வட்டமாகப் போடுங்கள். பிறகு பின்பாதியை அழித்துக்கொள்ளலாம். நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களும் மாவிலை நுனி மாதிரிக் கூராகக் கூடாது. எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் ஓரம் உருண்டுதான் திரும்பும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுழற்றி, தாளைத் தொடாமலே காற்றில் நாலு சுற்று சுற்றி, அப்படியே மெதுவாகத் தாளில் இறக்குங்கள். முதல் வாரம் பழைய செய்தித்தாளில் பக்கம் பக்கமாக நீள்வட்டம் மட்டும் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் குடம், டம்ளர், மாட்டுவண்டிச் சக்கரம், கிணற்றுச் சுவர் என எதை வரையப் போனாலும் இது வந்து நிற்கும்.

கண்மட்டம் என்ற இந்தக் கணக்கை நேர்கோடுகளுக்கும் கட்டடங்களுக்கும் விரித்தால் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் கூடக் கூடப் பொருள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் கொண்டுவரும் முறை. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் புரூனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் செய்துகாட்டியதை, லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி 1435-இல் ஓவியம் பற்றிய நூலாக எழுதிவைத்தார். நமக்கு இன்றைக்குச் செம்பு அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கோடு

அளவு சரி என்று தோன்றியதும் கோட்டை உறுதிசெய்யலாம். ஒரே தடிமனில் சுற்றிலும் இழுத்தால் செம்பு, கம்பியை வளைத்துச் செய்ததுபோல் ஆகிவிடும். வெளிச்சம் படும் இடது பக்கம் கோடு மெலியட்டும். நிழல் பக்கமும் பெஞ்சைத் தொடும் இடமும் தடிக்கட்டும். ஆனந்த விகடனில் வந்த ஓவியர் சில்பியின் கோயில் சிற்பச் சித்திரங்கள் பழைய தொகுப்புகளில் கிடைத்தால் பாருங்கள். கல்லின் கனத்தையும் கண்ணிமையின் மென்மையையும் கோட்டைத் தடிக்கவைத்தும் மெலியவைத்துமே அவர் கொண்டுவந்துவிடுவார். நான் கோட்டைப் பற்றிக் கற்றது பெரும்பாலும் அந்தப் பக்கங்களை வெறித்துப் பார்த்துத்தான்.

ஒளியும் நிழலும்

வடிவத்துக்குக் கனம் தருவது இதுதான். வட்டம் பந்தாவது இங்கேதான்.

முதலில் தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள், ஐந்தாவது 6பி-யால் முடிந்த மட்டும் கறுப்பு, நடுவில் மூன்று படிகள். இது உங்கள் அளவுகோல்.

இப்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எலுமிச்சையைப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று இரண்டே பகுதிதான் மிஞ்சும். அவற்றைப் பிரிக்கும் கோட்டை லேசாக வரைந்து, நிழல் பக்கம் முழுவதையும், பெஞ்சின் மேல் விழுந்த நிழலையும் சேர்த்து, ஒரே சாம்பல் நிறத்தில் நிரப்புங்கள். அவ்வளவுதான். இந்த இடத்திலேயே பழம் தாளைவிட்டு எழுந்து நிற்கும்.

பிறகு கண்ணைத் திறந்து நிழலுக்குள் பாருங்கள். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் இடத்தை ஒட்டித்தான் பழத்தின் மிக இருண்ட பட்டை இருக்கிறது, ஓரத்தில் இல்லை. ஓரத்துக்குப் போகப் போக நிழல் கொஞ்சம் வெளுக்கிறது. வெள்ளைத் துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி எழுந்து பழத்தின் அடிப்பக்கத்தைத் தொடுவதால் வரும் வெளுப்பு அது. சந்தேகமாக இருந்தால் பழத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியை நுழைத்துப் பாருங்கள், வெளுப்பு அணைந்துவிடும். இந்தத் திரும்பிய வெளிச்சத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பலரும் அதை அதிகமாக வெளுக்கவைத்துவிடுகிறார்கள். அது நிழலுக்குள் இருக்கும் வெளிச்சம். வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிடவும் அது இருட்டாகவே இருக்க வேண்டும்.

பழம் துணியைத் தொடும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு இருக்கும். அங்கே எந்தப் பக்கத்து வெளிச்சமும் நுழையாது. படத்தின் ஐந்தாம் கட்டக் கறுப்பை அங்கே வையுங்கள். அதை வைத்த நொடியில் பழம் மிதப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். கீழே விழுந்த நிழலின் விளிம்பு பழத்தின் அருகே கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கியும் இருக்கும். அந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்.

ஷேடிங்கை விரலால் தேய்க்க வேண்டாம். விரலின் எண்ணெய் தாளில் பட்டுத் திட்டுத் திட்டாகும், நிழலும் புகை மாதிரி உயிரில்லாமல் போகும். உருண்டையின் வளைவைத் தொடர்ந்து கோடு கோடாகப் போட்டு, வேறு கோணத்தில் இன்னொரு அடுக்கு போடுங்கள்.

மேற்பரப்பு: பித்தளையும் தோலும்

எலுமிச்சையில் வெளிச்சம் நிழலாக மாறுவது படிப்படியாக நடக்கிறது. செம்பில் அப்படி இல்லை. பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்திலேயே அடர்ந்த கறுப்பு நிற்கும். பளபளப்பு என்பது இந்தத் திடீர்த் தாவல்தான், தனியாக வேறொன்றும் இல்லை. செம்பின் வயிற்றில் ஜன்னல் வளைந்து சின்னதாகத் தெரியும், எலுமிச்சை ஒரு மஞ்சள் கீற்றாகத் தெரியும், இருண்ட உருவமாக நீங்களும் தெரிவீர்கள். அவற்றை ஜன்னல், பழம், ஆள் என்று பெயர் சொல்லாமல் வெறும் துண்டு வடிவங்களாக வரையுங்கள். தள்ளி நின்று பார்த்தால் பித்தளையாகிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த ஷார்தன் என்ற ஓவியர் சமையலறைச் செப்புப் பாத்திரங்களை இப்படித்தான் கட்டினார். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய செப்புத் தண்ணீர்த் தொட்டிப் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எலுமிச்சைத் தோலின் புள்ளிகளை முழுப் பழத்திலும் போடாதீர்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் நடுப்பட்டையில் மட்டும்தான் அவை நன்றாகத் தெரிகின்றன. அங்கே கொஞ்சம் போட்டால் மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

நிறம்

பென்சில் படம் நாலைந்து முடித்த பிறகுதான் இதற்கு வாருங்கள். லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம் என நான்கு வாட்டர்கலர் போதும். தாள் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் சுருளாது.

மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். அழுக்குப் பச்சைதான் வரும். லெமன் எல்லோவுடன் பர்ன்ட் சியன்னாவும் ஒரு துளி நீலமும் சேருங்கள். செம்பின் நடுநிறம் ஓக்கர், அதன் நிழல் சியன்னா. மிக இருண்ட இடத்துக்கு அல்ட்ராமரைனையும் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்கு நிகரான இருட்டு கிடைக்கும். செம்பின் பளிச்சிடும் புள்ளி வெறும் தாள். அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். வாட்டர்கலரில் வெளிறியதிலிருந்து அடர்த்திக்குத்தான் போக முடியும், திரும்பி வருவது கடினம்.

நிறம் தனியாக நிற்பதில்லை. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரெல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை ஏதும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. அதை ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். பட்டுப்புடவைக் கடையில் உடலையும் கரையையும் சேர்த்து வைத்துப் பார்த்து எடுக்கிற நம் பாட்டிமார்களுக்கு இது கைவந்த விஷயம். நீங்களும் செய்து பாருங்கள்: அதே எலுமிச்சையைக் கத்தரிப்பூ நிறத் துணியில் ஒருமுறை, மஞ்சள் துணியில் ஒருமுறை வையுங்கள். முதலாவதில் பழம் எரியும், இரண்டாவதில் அடங்கிவிடும்.

வண்ணம் காய்ந்ததும் செல்போனில் படத்தை எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். பழமும் செம்பும் துணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் உங்கள் ஒளி-நிழல் பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம். நிறத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இருட்டைத்தான் கூட்ட வேண்டும்.

சரிபார்ப்பது

படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அப்புறம் கண்ணாடியில் காட்டுங்கள். கண்ணாடியில் பார்ப்பது லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கும் யோசனை. பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அங்கே பளிச்சென்று தெரியும்: செம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வாயின் இடப்பாதி வலப்பாதியைவிடப் பெரிதாக இருக்கும். பென்சில் படமாக இருந்தால் திருத்துங்கள். வாட்டர்கலராக இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்சில் படத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து மூடி, பின்பக்கத்தில் தேதியையும் மணியையும் ஜன்னலின் திசையையும் எழுதிவையுங்கள். செம்பைக் கழுவி அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள். எலுமிச்சையை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில், மாலை ஐந்து மணி வெளிச்சத்தில் இன்னொரு முறை உட்காருங்கள். நிழல் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைத் தாளில் முதலில் குறியுங்கள்.